வீட்டுப் பூனையோட டென்ஷனைக் குறைக்க வாசனை: குப்பைமேனி வேர் போதும்

ஃப்ளாட்டுக்குள்ளயே கிடக்கிற பூனைக்குப் பந்து, லேசர்னு என்னென்னமோ வாங்கிப் போடுவோம், மூக்குக்கு மட்டும் ஒண்ணும் குடுக்க மாட்டோம். அதுக்குப் பாதி உலகமே மூக்குதான்.

ஸ்டெப் 1: மொதல்ல எதையும் சேர்க்காதீங்க, இருக்கிறத எடுங்க. ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை, ரூம் ஸ்ப்ரே, அந்துருண்டை எல்லாம் அது இருக்கிற ரூம்ல வேண்டாம். தரைக்கு ஃபினாயில் போட்டா அதுமேல நடந்துட்டு அப்புறம் பாதத்த நக்கும், அது விஷம். வாசனை எண்ணெய ஆவியாக் காத்துல பரப்புற எசென்ஷியல் ஆயில் டிஃப்யூசர் வேண்டவே வேண்டாம், டீ ட்ரீ, யூகலிப்டஸ், பெப்பர்மின்ட் மாதிரி எண்ணெயெல்லாம் பூனையோட கல்லீரலால சரியா உடைச்சு வெளியேத்த முடியாது, 'நேச்சுரல்'னு லேபிள் ஒட்டியிருந்தாலும் நான் வாங்க மாட்டேன். லில்லிப் பூவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது, அந்த மகரந்தத்த நக்குனாலே கிட்னி போயிடும்.

ஸ்டெப் 2: அதோட சொந்த வாசனை. பூனை கன்னத்தால உரசுறது சும்மா கொஞ்சலுக்கு மட்டும் இல்ல, 'இது என் இடம்'னு முத்திரை குத்துது. தூங்கி வழியிற நேரமாப் பாத்து சுத்தமான காட்டன் சாக்ஸால கன்னத்த மெதுவாத் தடவிட்டு, புது சோஃபா கால், பூனையத் தூக்கிட்டுப் போற கேரியர் பெட்டியோட உள்பக்கம்னு அது மிரள்ற இடத்துல அதோட மூக்கு உயரத்துக்குத் தேய்ங்க. இன்னொண்ணு, அதோட பெட்ஷீட் எல்லாத்தையும் ஒரே நாள்ல துவைச்சுடாதீங்க, பழைய வாசனையோட ஒண்ணாவது இருக்கட்டும்.

ஸ்டெப் 3: இப்பதான் குப்பைமேனி. பூனைவணங்கின்னும் சொல்லுவாங்க, காலி மனையில தானா முளைக்கும், ஓரம் ரம்பம் மாதிரி இருக்கிற இலை, நடுவுல கதிர்ல குட்டிக் குட்டியா பச்சைக் கிண்ணம் அடுக்கின மாதிரி இருக்கும். மருந்தடிக்காத இடத்துல வேரோட பிடுங்குங்க, ஏன்னா பூனைய இழுக்கிறது வேர்தான், இலைய அனேகமா கண்டுக்காது. மண்ண அலசிட்டு, வேர நகத்தால லேசாக் கீறி, பழைய டவல்ல வச்சுட்டுத் தள்ளி உக்காருங்க. மோந்து பாக்கும், கன்னத்த அழுத்தித் தேய்க்கும், எச்சில் ஒழுக உருளும், சிலது காலால கட்டிப்பிடிச்சு உதைக்கும். பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல ஆர்வம் போனதும் எடுத்துடுங்க, மோக்கத்தான் குடுக்கிறோம், திங்க விடாதீங்க. தினமும் வச்சா சலிச்சுடும்.

கண்டுக்கலன்னா கவலைப்படாதீங்க. பூனைய மயக்குறதுக்குப் பேர் போன கேட்னிப் செடிக்கே மூணுல ஒரு பூனை மசியாது, அது பரம்பரையா வர்றது, குட்டிங்களுக்கு சில மாசம் ஆகணும். 2017ல 100 பூனைங்கள வச்சுப் பாத்த ஒரு ஆய்வுல சில்வர் வைன்ங்கிற கொடிக்குக் கிட்டத்தட்ட 80 பூனை மயங்குச்சு, அது ஆன்லைன்ல குச்சியாவே கிடைக்கும்.

ஸ்டெப் 4: ஒண்ணும் செட் ஆகலன்னா அட்டைப்பெட்டில காஞ்ச வாழைச்சருகு, வைக்கோல்னு போட்டு நடுவுல பூனைத் தின்பண்டம் (ட்ரீட்) ரெண்ட ஒளிச்சு வைங்க, தேடித் தேடி மோக்கும்.

காத மடக்கிட்டு நகர்ந்து போச்சுன்னா அன்னைக்கு விட்டுருங்க. ஒரு நாள் முழுக்க சாப்பிடல, இல்ல ஒண்ணுக்குப் போக முக்குதுன்னா வாசனையெல்லாம் ஓரங்கட்டிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க, ஆண் பூனைக்கு அடைப்புன்னா விடியட்டும்னு காத்திருக்கக்கூட நேரம் கிடையாது.