மொட்டை மாடியில் தொடங்கி ஏலகிரி வரை: குடும்பத்தோடு டென்ட் போடும் முறை

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு டென்ட்டில் தங்க ஆசைப்படுகிறவர்கள், மலைக்குப் போவதற்கு முன்னால் தங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே ஒரு ராத்திரி டென்ட் போட்டுப் படுத்துப் பார்த்துவிட வேண்டும். இந்தப் பதிவில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். நண்பர்களோடு போகும்போது தூக்கம் கெட்டால் பெரிதாகத் தெரியாது. பாட்டி, அம்மா, அப்பா, தம்பி என்று வீடே கிளம்பும்போது, ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அடுத்த வருஷம் அவர் வர மாட்டார். எனக்கு அடுத்த வருஷமும் எல்லாரும் வர வேண்டும். அதனால்தான் சின்னச் சின்ன விஷயத்தையும் விரிவாக எழுதுகிறேன்.

டென்ட் வாங்குவது

பெட்டியில் '4 பேர்' என்று போட்டிருந்தால் 3 பேருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர்கள் ஒரு ஆளுக்கு 60 செ.மீ. அகலம் என்று கணக்குப் போடுகிறார்கள். அதில் பை வைக்க இடம் கிடையாது, புரண்டு படுக்கவும் முடியாது. ஐந்து பேர் என்றால் ஒரே பெரிய டென்ட்டைவிட இரண்டு சின்ன டென்ட் நல்லது. எங்கள் வீட்டில் பாட்டி, அம்மா, நான் ஒன்றில். அப்பாவும் தம்பியும் இன்னொன்றில். துணி மாற்றவும் வசதி.

இரட்டை அடுக்கு டென்ட்தான் வாங்க வேண்டும். உள்ளே வலைத்துணி, அதன்மேல் தனியாக ஒரு மழைத்துணி. ஒற்றை அடுக்கில் விலை குறைவு, ஆனால் நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது ஆகாது. மழைத்துணியின் நீர்தாங்கும் அளவை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 2000 இருந்தால் கோடை மழைக்குப் போதும். தரைத்துணிக்கு 3000க்கு மேல் பாருங்கள். எடுத்ததும் விரிந்துகொள்ளும் டென்ட் பார்க்க ஆசையாக இருக்கும். மடித்து வட்டப் பைக்குள் போடுவது பெரும்பாடு. கம்பு கோத்து நிறுத்துகிற சாதாரண டென்ட்டே என் விருப்பம். உடைந்தால் ஒரு கம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

டென்ட்டைத் தரையோடு பிடித்து நிறுத்தக் கூடவே வரும் மெல்லிய அலுமினிய முளைகள் காய்ந்த செம்மண்ணில் வளைந்துவிடும். இரும்புக் கடையில் முக்கால் அடி நீளத்துக்குக் கம்பி வெட்டி, தலையைக் கொக்கியாக வளைத்துத் தரச் சொல்லுங்கள். அதோடு ஒரு சுத்தியல். கல்லை எடுத்து அடித்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள், விரல் நசுங்கும்.

மாடியில் ஒத்திகை

சென்னையில் கத்திரி மே 4 வாக்கில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே எங்கள் வீட்டில் படுக்கை மாடிக்குப் போய்விடும். சாயங்காலம் தளத்தில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. முதல் வாளியைத் தளம் சுர்ரென்று இழுத்துக்கொண்டு ஆவியாக விடும். ஒரு மணி நேரம் விட்டு ஊற்றுகிற இரண்டாவது வாளிதான் சூட்டைத் தணிக்கும். தளம் நன்றாகக் காய்ந்த பிறகு டென்ட்டை விரியுங்கள்.

மாடியில் முளை அடிக்க முடியாது. 20 லிட்டர் தண்ணீர் கேன் நான்கை நிரப்பி நான்கு மூலைக்கும் வைத்து, கயிற்றை அதன் கழுத்தில் கட்டிவிடுங்கள். ஒவ்வொன்றும் 20 கிலோ, சாதாரணக் காற்றுக்கு அசையாது. மழைத்துணி போடாமல் உள் அடுக்கை மட்டும் நிறுத்தினால் அருமையான கொசுவலை. முதலில் முகம் சுளித்த பாட்டி, ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை என்றதும் அதை விட்டு வெளியே வரவே இல்லை.

ஒரு ராத்திரியாவது மழைத்துணியோடு போட்டுப் பாருங்கள். அதன்மேல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றி, தையல் ஓரங்களில் உள்ளே கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கசிந்தால் தையல் அடைக்கும் பசையை உள்பக்கம் தடவிக் காயவிடலாம். இதை மலையில் போய்க் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

காலையில் ஆறு மணிக்குள் டென்ட்டைப் பிரித்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மாவுக்கு வடகம் பிழிய இடம் வேண்டும். அது டென்ட்டுக்கும் நல்லதுதான், நேர் வெயிலில் கிடந்தால் பாலியஸ்டர் துணி சீக்கிரம் நைந்துபோகும்.

எங்கே போவது

காட்டுக்குள் நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கோடையில் சருகு எல்லாம் காய்ந்து கிடக்கும். அதனால் பட்டா நிலத்தில், உரிமையாளரே நடத்துகிற இடத்தைத் தேடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் அந்த நடைமுறை வந்தது.

முதல் முறைக்கு நான் சொல்வது ஏலகிரி. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில், அங்கிருந்து மலையடிவாரத்துப் பொன்னேரி வழியாக 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே போய்விடலாம். உயரம் சுமார் 1,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினாலே 6 டிகிரிக்கு மேல் சூடு குறையும் என்பதால், கீழே அனல் அடிக்கும்போது மேலே ராத்திரிக்குப் போர்வை தேடுவீர்கள். ஊட்டி அளவு குளிர் இல்லாததால் பாட்டிகளுக்கும் ஒத்துக்கொள்ளும்.

இடத்தை முன்பதிவு செய்யும்போது நான் முதலில் கேட்பது கழிவறை பற்றித்தான். டென்ட்டிலிருந்து எத்தனை அடி தூரம், உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, ராத்திரி விளக்கு எரியுமா, வெஸ்டர்ன் இருக்கிறதா. இதையெல்லாம் போனில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன், கோடையில் அது உடம்புக்குக் கெடுதல். மாதவிடாய் நாட்களில் போக வேண்டியிருந்தால் பழைய செய்தித்தாளும் ஒரு மூடி போட்ட டப்பாவும் எடுத்துப்போய், நாப்கினைச் சுற்றி வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

ரயிலில் போகிறவர்கள் கவனிக்க: கேஸ் அடுப்பு, கேஸ் டப்பா, மண்ணெண்ணெய் எதையும் கொண்டுபோகக் கூடாது. ரயில்வே சட்டப்படி குற்றம்.

இடம் பார்த்து நிறுத்துவது

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். சாயங்காலம் நான்கு மணி சரியான நேரம். தண்ணீர் ஓடிய தடம், பள்ளம், காய்ந்த ஓடை இங்கெல்லாம் வேண்டாம். ஏலகிரியில் பலா மரம் நிறைய. மே மாதம் காய் தொங்கும். அதன் நிழல் எவ்வளவு இதமாக இருந்தாலும் அடியில் போடாதீர்கள். செவ்வெறும்புக் கூடும் அந்த மரங்களில் இருக்கும். சரிவான இடம்தான் கிடைத்தது என்றால் தலை மேட்டுப் பக்கம் வருகிற மாதிரி படுங்கள்.

முளையை நேராக அடிக்கக் கூடாது. முளையின் தலை டென்ட்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், முனை டென்ட்டின் அடியை நோக்கி இறங்க வேண்டும். அப்போதுதான் காற்று இழுக்க இழுக்கப் பிடி இறுகும்.

கயிற்றுக்கு ஒரே ஒரு முடிச்சு கற்றுக்கொண்டால் போதும். கயிற்றை முளையைச் சுற்றித் திருப்பிக் கொண்டுவாருங்கள். கையில் இருக்கும் முனையை, டென்ட்டிலிருந்து வருகிற கயிற்றின்மேல், வளையத்துக்கு உள்ளே, முளையை நோக்கி இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு அந்த இரண்டு சுற்றையும் தாண்டி, டென்ட் பக்கமாக அதே திசையில் இன்னொரு சுற்று சுற்றி, முனையை அந்தச் சுற்றின் அடியில் நுழைத்து இறுக்குங்கள். முடிச்சைக் கையால் பிடித்து நகர்த்தினால் நகரும், கயிறு இழுத்தால் நகராது. ராத்திரி ஈரத்தில் துணி தளர்ந்தால் அவிழ்க்காமலே இறுக்கிக்கொள்ளலாம். ஜன்னல் கம்பியில் கட்டிப் பழகுங்கள், கை தானாகச் செய்ய ஆரம்பித்துவிடும்.

நனைகிற பிரச்சினை

எங்களை அதிகம் குழப்பியது இதுதான். ஏலகிரியில் முதல் ராத்திரி ஒரு சொட்டு மழை கிடையாது. விடியும்போது பாட்டியின் போர்வைக் கால்பக்கம் நனைந்திருந்தது, டென்ட் சுவரில் கை வைத்தால் ஈரம். "பனி இறங்கிடுச்சுடி, நான்தான் சொன்னேனே" என்றார் பாட்டி. அப்பா டென்ட்டில் ஓட்டை தேடினார். மழைத்துணியைக் கழற்றி உதறியபோதுதான் புரிந்தது: அதன் வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம்தான் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அது எங்கள் மூச்சுக்காற்றின் ஈரம். மூன்று பேர் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சு, வெளிக்குளிரில் சில்லென்று ஆகிவிட்ட மழைத்துணியில் பட்டு நீராகிறது. துணி தொய்ந்து உள் அடுக்கைத் தொட்டால் அந்த நீர் உள்ளே வந்துவிடும். குளிர் என்று நாங்கள் ஜன்னல் எல்லாவற்றையும் மூடியிருந்தோம். ஈரம் போக வழியே இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? இரண்டு அடுக்குக்கும் நடுவே எல்லாப் பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி இருக்கும்படி கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். படுக்கப் போகும்முன் ஒருமுறை சுற்றி வந்து மறுபடி இறுக்குங்கள். மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தையும் எதிரெதிராக இரண்டு ஜன்னலையும் பாதியாவது திறந்து வையுங்கள். பையையும் போர்வையையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஈரத் துணியை உள்ளே காயப் போடவே கூடாது. பாட்டிக்குக் குளிருமே என்றால் ஒரு குல்லாவும் காலுறையும் கொடுங்கள், ஜன்னலை மூடாதீர்கள்.

கீழேயிருந்து வரும் ஈரம் வேறு கதை. டென்ட்டுக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பது நல்லதுதான். ஆனால் அது டென்ட்டின் அடித்தளத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தாலும், மழைத்துணியில் வழிகிற தண்ணீர் எல்லாம் அதில் விழுந்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் போய்த் தேங்கும். வெட்ட மனமில்லை என்றால் ஓரங்களை உள்பக்கமாக, தரையைப் பார்க்க மடித்துவிடுங்கள்.

மே மாதம் சாயங்கால இடிமழை சகஜம். மின்னல் வெட்டினால் டென்ட் பாதுகாப்பு இல்லை. கார் அல்லது கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

படுக்கை, சாப்பாடு

காற்று மெத்தை வேண்டாம், நடுராத்திரியில் இறங்கிவிடும். கீழே ஃபோம் பாய், அதன்மேல் வீட்டுக் கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம். பாட்டிக்குத் தரையிலிருந்து எழுந்திருப்பதுதான் கஷ்டம். டென்ட் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டால் அதைப் பிடித்து எழுந்துகொள்வார். ஆளுக்கு ஒரு நெற்றி விளக்கு வாங்குங்கள், போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

முதல் நாள் சமைக்காதீர்கள். புளியோதரையும், எண்ணெய் விட்டுக் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் போதும். தயிர்சாதத்தை, ஆறிய சாதத்தில் பால் ஊற்றிப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்து எடுத்துப்போங்கள். போய்ச் சேர்வதற்குள் பதமாகத் தோய்ந்துவிடும், புளிக்காது. எல்லாம் எவர்சில்வர் தூக்கில், இறுக்கமான மூடியோடு. குரங்குகள் டென்ட் துணியைக் கிழித்து எடுக்கும் என்பதால் தின்பண்டம் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, பிஸ்கட் பாக்கெட்கூட.

அடுப்பை டென்ட்டுக்குள் பற்ற வைப்பது உயிருக்கு ஆபத்து. தீ மட்டும் இல்லை, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை மயக்கிவிடும். கொசுவர்த்தியும் உள்ளே வேண்டாம்.

திரும்பி வந்ததும்

நனைந்த டென்ட்டைச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து நாற்றம் எடுக்கும். வந்த அன்றே பால்கனி நிழலில் விரித்து, மடிப்பு ஓரம்வரை காய்ந்த பிறகே பையில் போடுங்கள். வாஷிங் மெஷின் கூடாது. சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. மாடிக் காற்றில் தண்ணீர் கேனோடு டென்ட் நகர்கிறது என்றார் ஒருவர். கேனை வெளியே வைத்தது போக, உள்ளேயும் நான்கு மூலையில் செங்கல்லைத் துணியில் சுற்றி வையுங்கள். பலத்த காற்று என்றால் அன்றைக்கு டென்ட்டே போடாதீர்கள்.

மடக்குக் கட்டில் உள்ளே போடலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போடலாம். கால்களுக்கு அடியில் மடித்த சாக்கோ பழைய செருப்போ வைக்காவிட்டால் தரைத்துணி கிழியும்.

ஃபைபர் கம்பு நடுவில் பிளந்துவிட்டால், கம்பைவிடச் சற்றே அகலமான சின்ன அலுமினியக் குழாயை அதன்மேல் ஏற்றி இரண்டு பக்கமும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பிளந்த ஃபைபரை வெறும் கையால் தொடாதீர்கள், சிலாம்பு ஏறினால் எடுப்பது கஷ்டம்.