வீட்டுக் கராஜில் பட்டறை: கொழும்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடலோரமாக இருக்கும் ஒரு வீட்டின் கராஜில், புது உளி ஒன்றைத் துடைக்காமல் மேசையில் விட்டுப் பாருங்கள். சில நாட்களிலேயே விரல் பட்ட இடங்களில், ரேகை தெரியும்படி துரு பூத்திருக்கும். பலர் கூரை ஒழுக்கைத் தேடுவார்கள். ஒழுக்கு எதுவும் இருக்காது. கொழும்பில் கருவிகள் வேலை செய்து தேய்வதைவிட, சும்மா கிடந்து கெடுவதே அதிகம்.

காரணம் உப்பு. கடற்காற்றிலும் இருக்கிறது, கை வியர்வையிலும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையும். கொழும்பின் இரவுகள் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலேதான். ஆகவே கண்ணுக்குத் தெரியாத உப்புத் தண்ணீர்ப் படலம் ஒன்று விடியும்வரை இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் படலத்தின் மேலேயே எண்ணெய் பூசுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து உப்பை எடுக்க வேண்டும். பிறகு உலர்ந்த துணி. அதன் பிறகே எண்ணெய்; தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு ஓர் உளிக்குப் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் காறல் வாடை பிடித்துப் பிசுபிசுக்கும், தூசு ஒட்டும், கரப்பானும் வரும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது. ஆனால் அது விட்டுச் செல்லும் படலம் மெல்லியது, மழைக்காலம் முழுக்கத் தாங்காது.

சாக்கு, தோலுறை, ஸ்பொஞ்ச் பதித்த பெட்டி மூன்றும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ரப்பர் விளிம்புடன் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி நல்லதுதான், ஆனால் மழை நாளில் மூடினால் ஈரக்காற்றையும் சேர்த்தே அடைத்ததாகிவிடும். உள்ளே 100 கிராம் அளவு சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) போடுங்கள். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் நனைந்துவிட்டன என்று அர்த்தம். 120 பாகைச் சூட்டில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும். நம் ஊர் வெயிலில் பரப்பி வைத்தால் சரியாகக் காயாது.

அடுத்தது மின்சாரம். இதில் பிழை விட்டால் போவது கருவி மட்டுமல்ல.

பெரும்பாலான கராஜ்களில் இருப்பது ஒரேயொரு பிளக் பொயின்ட். அதில் மல்டி பிளக், அதிலிருந்து ஒரு நீள வயர். 13 அம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 3,000 வாட். 1,600 வாட் வெட்டு மெஷினும் 1,400 வாட் வெக்யூமும் சேர்ந்து ஓடினாலே எல்லை வந்துவிடும். அதைவிட ஆபத்து வயரின் தடிப்பு. மலிவான நீட்டிப்பு வயர்களில் 0.75 சதுர மி.மீ. கம்பிதான் இருக்கும், அது 6 அம்பியருக்கு மேல் தாங்காது. குவாரி வீதியிலோ பழைய சோனகத் தெருவிலோ வாங்கும்போது 1.5 சதுர மி.மீ. என்று கேட்டு, வயரின் மேலுறையில் அச்சிட்டிருப்பதை வாசித்துப் பார்த்து வாங்குங்கள். சுருளில் இருக்கும் வயரைப் பாவிக்கும்போது முழுவதும் அவிழ்த்து விடுங்கள். சுற்றியபடி இருந்தால் சூடு வெளியேறாமல் உறை உருகும்.

எர்த் ஓட்டைக்குள் தீக்குச்சியைக் குத்தி, இரண்டு முள் பிளக்கைச் செருகும் பழக்கத்தை இன்றே விடுங்கள். முள் தளர்வாக நின்று பொறி பறக்கும், பிளக் பொயின்ட் கருகும். மின் கசிந்தால் தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் வகைதானா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்வரை கராஜில் மெஷின் வேலை வேண்டாம்.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் கருவிகள் தனிக் கதை. அவை 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். பிளக்கை மட்டும் மாற்றிக் குத்தினால் சில நிமிடங்களிலேயே மோட்டார் எரிந்துவிடும். கார்பன் பிரஷ் உள்ள டிரில், கிரைண்டர் போன்றவை தகுந்த டிரான்ஸ்ஃபோமரில் ஓடும். 1,000 வாட் டிரில்லுக்கு 1,500 வாட்டாவது வேண்டும். பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் வேறு. வோல்டேஜைக் குறைத்தாலும் நமது 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், கூடுதலாகவும் சூடாகும். லண்டனிலிருந்து வருவன 230 வோல்ட் என்பதால் பொருந்தும். ஆனால் அங்கே கட்டட வேலைக்குப் பாவிக்கும் மஞ்சள் பிளக் கருவிகள் 110 வோல்ட், கவனம். பட்டரிக் கருவியானால் சார்ஜரில் 100–240 என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் கரண்ட் போனது. இப்படிப் போகும்போது கிரைண்டரைத் தொடர்ந்து ஓட வைக்கும் பூட்டுப் பொத்தான் அழுத்தியபடியே இருந்தால், கரண்ட் திரும்பும் கணத்தில் மேசையில் கிடக்கும் கிரைண்டர் தானாகச் சுழன்று பாயும். கரண்ட் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது. டோர்ச் தேடுவது அதற்குப் பிறகுதான்.

கிரைண்டரில் இன்னொரு தவறும் உயிரோடு விளையாடுவது: தட்டை மறைக்கும் காப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய தட்டைப் பூட்டுவது. 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுழலும். வெட்டுத் தட்டுகளின் உச்ச வேகம் பொதுவாகச் செக்கனுக்கு 80 மீற்றர். 100 மி.மீ. தட்டின் விளிம்பு 58 மீற்றர் வேகத்தில் ஓடும். அதே கிரைண்டரில் 180 மி.மீ. தட்டு 104 மீற்றரைத் தொடும். தட்டு துண்டு துண்டாகச் சிதறி முகத்துக்கு வரும். மரம் வெட்டும் வட்ட வாள் தட்டையும் இதில் பூட்டாதீர்கள். பல் மாட்டினால் கிரைண்டர் கையை உதறிக்கொண்டு திரும்பும். தட்டின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் பொறித்திருப்பார்கள், அதையும் வாசியுங்கள்.

கிரைண்டர்ப் பொறி விழுவது தரையில். பெற்றோல் ஆவியும் சமையல் வாயுவும் காற்றைவிடக் கனமானவை, அவை தங்குவதும் தரையில்தான். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் பெற்றோலைப் பிளாஸ்டிக் கலனில் சேர்த்து வைக்கப் பழகிய வீடுகள் இன்னும் உண்டு. கலனும், தின்னரும், மேலதிக வாயுச் சிலிண்டரும் இருக்கும் கராஜில் கிரைண்டர் வேண்டாம். மரத்துக்குப் பூசும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடவும் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும். கசங்கிய குவியலுக்குள் அது அடைபட்டு, நெருப்பே இல்லாமல் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகரத்தில் போட்டு மூடுங்கள்.

பலகை அடுக்குவதில் ஒரு விஷயம் போதும்: சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி, தரையிலிருந்து 4 அங்குலம் உயர்த்தி வையுங்கள். காற்றோட்டத்துக்கு உதவும் என்பது ஒன்று. முக்கியமாக, கறையான் ஏறினால் அதன் மண் கோடு அந்த இடைவெளியில் கண்ணில் படும். ஒட்டி அடுக்கினால், பலகையைத் தூக்கும் நாளில் உள்ளே வெறும் மண்தான் இருக்கும்.