ஈடேப்ஸில் ஸ்லாப் மொமென்ட் ஒத்துவரவில்லையா? ஒரே ஓர் அறையின் ஸ்லாபை மட்டும் போட்டுப் பாருங்கள்

கட்டட டிசைன் சாஃப்ட்வேரான ஈடேப்ஸில் மாடல் ஓடி முடிகிறது, எரர் எதுவும் இல்லை. ஆனால் ஸ்லாபை வளைக்கும் மொமென்ட் பூஜ்யம், இல்லையென்றால் நம்பவே முடியாத ஓர் எண். இப்படி வந்தால் முழுக் கட்டடத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். புது ஃபைல் திறந்து, கையால் கணக்குப் போடக்கூடிய ஒரு ஸ்லாபை மட்டும் வரையுங்கள்.

படி 1: முதலில் பேப்பரில்

4 மீ × 5 மீ ஸ்லாப், கனம் 125 மி.மீ. நான்கு பக்கமும் தாங்கல், மூலைகள் எழும்பாது. சுய எடை 25 (ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை, கிலோநியூட்டனில்) × 0.125 = 3.125, ஃபினிஷ் 1, வீட்டுக்கான லைவ் லோடு 2. ஆக, சதுர மீட்டருக்கு 6.125 கிலோநியூட்டன். பாதுகாப்புக்காக 1.5 ஆல் பெருக்கினால் 9.19. இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456இன் அட்டவணை 26 தரும் கெழு சுமார் 0.0755. அதன்படி குறுகிய திசை மொமென்ட் 0.0755 × 9.19 × 16 (குறுகிய பக்கம் 4இன் வர்க்கம்) = 11.1, அதாவது மீட்டருக்கு 11.1 கிலோநியூட்டன் மீட்டர்.

படி 2: ஷெல்லா, மெம்பரேனா?

டிஃபைன் மெனுவில் ஸ்லாப் செக்ஷனைத் திறந்து 'ஷெல் தின்' என்று வையுங்கள். மெம்பரேனுக்கு வளைவு விறைப்பே கிடையாது. சுமையைப் பீமுக்குத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பழைய மாடலில் மொமென்ட் பூஜ்யமாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 3: பிரித்து, தாங்கல் கொடுங்கள்

அரை மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள், 80 துண்டு வரும். விளிம்பு ஜாயின்ட் எல்லாவற்றுக்கும் செங்குத்துத் தாங்கல். பக்கவாட்டில் நகராமல் ஒரு மூலையில் எக்ஸ், ஒய் இரண்டையும், எக்ஸ் திசையில் அடுத்துள்ள மூலையில் ஒய் மட்டும் பூட்டுங்கள்.

படி 4: எடையைச் சரிபாருங்கள்

மொமென்ட்டைப் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். தாங்கல்கள் திருப்பித் தரும் மொத்த விசையான பேஸ் ரியாக்‌ஷனில் சுய எடை மட்டும் 20 × 3.125 = 62.5 கிலோநியூட்டன் வர வேண்டும். டெட் லோடு (நிலையான சுமை) எல்லாம் சேர்ந்த காம்பினேஷனில் ஸ்லாபின் பங்கு 125 என்று நின்றால், இரண்டு லோடு பேட்டர்னில் செல்ஃப் வெயிட் மல்டிப்ளையர் 1 என்று இருக்கும். ஒன்றை 0 ஆக்குங்கள். மூலைகளில் ரியாக்‌ஷன் எதிர்த் திசையில் வந்தால் பதற வேண்டாம். மூலை மேலே எழும்பப் பார்க்கிறது, தாங்கல் பிடித்து இழுக்கிறது. அந்த முறுக்கலுக்காகத்தான் ஐ.எஸ். 456 மூலையில் குறுகிய ஸ்பானில் ஐந்தில் ஒரு பங்குக்கு, இங்கே 0.8 மீட்டருக்கு, மேலும் கீழும் கூடுதல் கம்பி கேட்கிறது.

படி 5: இப்போது மொமென்ட்

1.5 ஆல் பெருக்கிய காம்பினேஷனில் நடுவில் 11.1 வராது, 9க்கும் 10க்கும் இடையில்தான் வரும். அது தவறல்ல. சாஃப்ட்வேர் எலாஸ்டிக் முறையில் (ஸ்லாப் விரிசல் விடாது என்று வைத்து) கணக்கிடுகிறது, அட்டவணை 26 யீல்டு லைன் முறையிலிருந்து (ஸ்லாப் உடையும் நிலையை வைத்து) வந்தது. 2 அல்லது 40 என்று வந்தால்தான் பிரச்சினை: யூனிட்டையும் காம்பினேஷனையும் பாருங்கள்.

அப்புறம் கம்பித் திசை. லோக்கல் ஆக்சிஸைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். எம்11 என்பது 1ஆம் அச்சு நெடுக ஓடும் கம்பிக்கான மொமென்ட். பக்கத்து ஸ்லாபில் அச்சு திரும்பியிருந்தால் கம்பி தலைகீழாகிவிடும்.

இதெல்லாம் சரியென்றால் பழைய மாடலுக்குத் திரும்பலாம். அங்கே தூணின் உச்சியில் மட்டும் மொமென்ட் எகிறி, மெஷ்ஷை, அதாவது கட்டங்களை, பொடியாக்க ஆக்க இன்னும் ஏறினால், அந்த ஒற்றைப் புள்ளிக்குக் கம்பி போடாதீர்கள். டிசைன் ஸ்ட்ரிப் என்ற பட்டையை ஸ்லாபின் மேல் வரைந்து, அதன் அகலத்துக்கான சராசரியை எடுத்து டிசைன் செய்யுங்கள்.