ஈரலுக்கு ஏழு நிமிடம், இரைப்பைக்கு அரை மணி: குறைந்த செலவில் உள்ளுறுப்புக் கறி

உள்ளுறுப்பு என்றாலே மலிவு என்று நம்பிக் கறிக்கடைக்குப் போனால் ஏமாற்றம்தான். ஆட்டு ஈரல் தமிழ்நாட்டில் பல கடைகளில் ஆட்டுக்கறி விலையை ஒட்டியே போகிறது. சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, துண்டுக் கணக்கில், அதுவும் தெரிந்த வாடிக்கையாளருக்குத்தான் எடுத்து வைக்கிறார்கள். கையைக் கடிக்காமல் புரதம் வேண்டுமென்றால் பிராய்லர் கோழியின் ஈரல், கோழி இரைப்பை, ஆட்டுக் குடல் என்ற மூன்றையும் பாருங்கள். மாட்டுக்கறி சாப்பிடுபவர்களுக்கு மாட்டு ஈரலும் உண்டு.

100 கிராம் பச்சைக் கோழி ஈரலில் ஏறக்குறைய 17 கிராம் புரதம் இருக்கிறது, அதாவது மூன்று முட்டையளவு. இரும்புச்சத்து 9 மில்லிகிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைப்பது நாளுக்கு 46 கிராம் புரதம், 29 மில்லிகிராம் இரும்பு. ஆகவே ஒரு வேளை ஈரலே இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடும். இரைப்பையிலும் புரதம் அதே அளவுதான், கொழுப்பு 2 கிராம்தான் இருக்கும். குடலில் புரதம் இவற்றைவிடக் குறைவு; சுத்தம் செய்யும்போது கழிவும் நிறையப் போகும். விலையை ஒப்பிடும்போது அதையும் கணக்கில் எடுங்கள்.

சமையலில் கெடுவதெல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஈரலில் இணைப்புத் திசு, அதாவது சதையைப் பிணைக்கும் நார், மிகக் குறைவு. அதிக நேரம் அடுப்பில் இருந்தால் இளகி மென்மையாவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நீர் வெளியேறி மணல்மணலாக இறுகிவிடும். இரைப்பையும் குடலும் இதற்கு நேர் எதிர். இறுகிய தசையும் இணைப்புத் திசுவும் நிறைந்தவை, ஈரச் சூட்டில் நீண்ட நேரம் வெந்தால்தான் இளகும். கடையில் ஈரலையும் இரைப்பையையும் ஒரே கவரில் கலந்து போடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை இரண்டையும் பிரிப்பது. சேர்த்துப் போட்டால் ஒன்று ரப்பராக இருக்கும், இல்லையென்றால் மற்றது கல்லாகிவிடும்.

வாங்கும்போது

இரண்டு கிலோ கோழியில் ஈரல் 40 கிராம் அளவுக்குத்தான் தேறும். கால் கிலோவுக்கு ஆறு கோழி அறுக்க வேண்டும். அதனால் காலையில் கூட்டம் உள்ள கடையிலேயே சொல்லி வையுங்கள், முந்தைய நாள் மிச்சத்தை வாங்காதீர்கள். நல்ல ஈரல் பளபளப்பாக இருக்கும், தொட்டால் உதிராது. பிராய்லர் ஈரல் கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் கொழுப்புதான், பயம் வேண்டாம். வெள்ளைப் புள்ளிகள், கட்டிகள் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பச்சைக் கறை பித்தப்பை உடைந்ததால் வந்தது. எத்தனை முறை கழுவினாலும் கசப்பு போகாது, கறை பட்ட இடத்தை அரை அங்குலம் கூடுதலாகவே வெட்டி எறிய வேண்டும்.

ஆட்டு ஈரல், நுரையீரல் வாங்கினால் நீர்க்கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். அது நாடாப்புழுவின் இளம்பருவமாக இருக்கலாம். அந்த உறுப்பைத் தெருநாய்க்கும் போடக் கூடாது. நாய் தின்றால் அதன் குடலில் புழு வளர்ந்து, முட்டைகள் மலத்தோடு வெளிவந்து மனிதரிடமே திரும்பி வரும்.

ஈரல் மிளகு வறுவல்

கோழி ஈரல் 250 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு 6 பல், மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், சோம்பு அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன், கறிவேப்பிலை.

குழாயடியில் பிடித்துக் கழுவினால் சாரல் தெறித்துப் பக்கத்துப் பாத்திரத்தில் கிருமி ஏறும். கிண்ணத்து நீரில் ஒருமுறை அலசி எடுங்கள். வெள்ளை நரம்பை நீக்கி ஒரு ஈரலை மூன்று துண்டாக்குங்கள். வாடை பிடிக்காதவர்கள் மோரில் கால் மணி ஊறவைக்கலாம். பிறகு நன்றாக வடித்துத் துணியால் ஒற்றி எடுங்கள். இந்த ஒற்றலைச் சோம்பலில் விட்டால் ஈரல் வறுபடாது, தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும்.

மிளகு, சீரகம், சோம்பை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். இரும்புச் சட்டியில் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலையை வதக்கி ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். சட்டியை நன்றாகக் காயவிட்டு, மஞ்சள் தடவிய ஈரலை ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். சட்டி சிறியதென்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள். இரண்டு நிமிடம் கிளறாமல் விட்டு, திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். ஈரல் வெடித்துத் தெறிக்கும், மூடியைச் சாய்த்து வைத்தால் போதும். பிறகு வெங்காயத்தையும் பொடியையும் சேர்த்து, மூடி, சிறுதீயில் மூன்று நிமிடம். உப்பு கடைசியில்தான், முதலிலேயே போட்டால் நீரை இழுத்துவிடும்.

பெரிய துண்டு ஒன்றை நறுக்கிப் பாருங்கள். நடுவில் சிவப்புச் சாறோ இளஞ்சிவப்போ இருக்கக் கூடாது. கோழி ஈரலின் உள்ளேயும் கிருமி இருக்கலாம் என்பதால் அரைவேக்காடு ஆகாது. தெர்மாமீட்டர் உள்ளவர்களுக்கு 74 டிகிரி செல்சியஸ். அந்த இடத்தில் உடனே அடுப்பை அணையுங்கள், ‘இன்னும் கொஞ்சம் சுருளட்டும்’ என்பதில்தான் ஈரல் கெடும்.

இரைப்பை

வெட்டிய இரைப்பையில் தீவன மிச்சமும் மணலும் இருந்தால் கழுவி, உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் தோலை ஓரத்தில் நகத்தால் தூக்கி உரித்துவிடுங்கள். பல கடைகளில் உரித்தே தருவார்கள், ஆனாலும் ஒரு கண் பாருங்கள். 250 கிராமை நான்காக நறுக்கி, அரை டம்ளர் நீர், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன், உப்பு சேர்த்துக் குக்கரில் 5 விசில். ஆவி அடங்கித் திறப்பதற்குள் அரை மணி ஆகிவிடும். திறந்த சட்டியில் என்றால் ஒரு மணி நேரம் வரை இழுக்கும்; கேஸ் செலவில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். வெந்த நீரைக் கொட்டாமல் வற்றவிட்டு, மேலே சொன்ன மசாலாவிலேயே வறுக்கலாம். இரண்டும் சேர்ந்த வறுவல் வேண்டுமானால் வறுத்த ஈரலை எடுத்து வைத்து, இரைப்பை சுண்டியதும் கடைசி ஒரு நிமிடத்தில் கலந்துவிடுங்கள்.

குடல்

உழைப்பு கேட்பது இதுதான். ஆட்டின் வயிற்றுப் பையில் துவாலைபோல் இருக்கும் பகுதியின் கருந்தோலை எடுக்க, இரண்டு லிட்டர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் சுண்ணாம்பைக் கரைத்து இரண்டு மூன்று நிமிடம் முக்கி, கத்தி முதுகால் சுரண்டுங்கள். நீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதிநீரில் போட்டால் கருந்தோல் இறுகிப் பிடித்துக்கொண்டு வரவே வராது. சிறுகுடலை ஈர்க்குச்சியால் உள்புறம் வெளியாகத் திருப்பி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, நீர் தெளியும் வரை அலசுங்கள். சுண்ணாம்பு வாடை துளியும் மிஞ்சக் கூடாது.

சுத்தம் செய்த குடல் அரை கிலோவைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டுங்கள். வாடையின் பெரும்பகுதி இதில் போய்விடும். பிறகு இரண்டு டம்ளர் நீர், இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்போடு 8 விசில். குடல் பாதியாகச் சுருங்கும், அதனால் நறுக்கும்போது பெரிய துண்டாக நறுக்குங்கள். குழம்பில் ஒரு கைப்பிடி கடலைப்பருப்பு சேர்த்தால் அளவும் கூடும், புரதமும் கூடும்.

மூளையைப் புரதத்துக்காக வாங்குவதில் பொருளில்லை. 100 கிராமில் புரதம் 10 கிராம், கொலஸ்ட்ரால் 1,000 மில்லிகிராமுக்கு மேல். சுவரொட்டியின் பலம் இரும்புதான்: செம்மறி மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, ஐம்பது கிராம் போதும்.

எவ்வளவு, யாருக்கு

ஈரலைத் தினமும் உண்ணக் கூடாது. 100 கிராம் கோழி ஈரலிலேயே வைட்டமின் ஏ 3,300 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது. பெரியவர்களுக்கு அன்றாட உச்சவரம்பு 3,000. ஆட்டு ஈரலில் இது இன்னும் இரு மடங்கு. வாரத்துக்கு ஒரு முறை, ஆளுக்கு 75 முதல் 100 கிராம் என்பது சரியான அளவு. கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது, கூடுதல் வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கும். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குபவர்களுக்கு இந்த வகைக் கறி எதுவுமே ஆகாது. இரைப்பைக்கும் குடலுக்கும் வைட்டமின் ஏ தொல்லை இல்லை, மற்ற நாட்களில் அவற்றை மாற்றி மாற்றிச் சமைக்கலாம்.

வாங்கிய அன்றே சமைக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு. ஃப்ரீசரில் இரைப்பையும் குடலும் நன்றாகத் தாங்கும், ஈரல் உருகும்போது நீர்விட்டுத் தளர்ந்துவிடும். மிஞ்சிய ஈரல் வறுவலை மறுபடி சூடாக்கினால் இறுகும். பொடியாக உதிர்த்து, இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, ஆவி பறக்கும் வரை கிளறிப் பொடிமாஸாக்கிவிடுங்கள்.