மூடிக் கம்மலும் ஒட்டாத பசையும்

பாட்டில் மூடிகளை வெட்டிக் கம்மல் செய்வேன். பின்னால் காதில் மாட்டும் உலோகத் தண்டை ஒட்டிய இரண்டாம் நாளே அது கழன்று விழும். பல நாள் இதிலேயே போனது.

முதலில் பசை போதவில்லை என்று இன்னும் பூசினேன். அப்புறம் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். உப்புத்தாளால் தேய்த்தும் பார்த்தேன். இரண்டு டியூப் கலந்து பூசும் எபாக்ஸி ஒரு நாள் கூடுதலாகத் தாங்கியது, அவ்வளவுதான்.

விழுந்த தண்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பசை முழுவதும் உலோகத்தோடு வந்திருந்தது. மூடியில் நான் தேய்த்த கீறல்கள்கூட அதில் அச்சாகப் பதிந்திருந்தன. பிளாஸ்டிக்கில் துளி பசை இல்லை. ஆனால் உடைந்த சிடி பெட்டியில் செய்த ஜோடி மட்டும் கல் மாதிரி நின்றது!

மூடியின் உட்புறத்தில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தது. அது பாலிபுரொப்பிலீன், சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது. எண் 2 போட்ட பாலிஎத்திலீனும் அப்படித்தான். சிடி பெட்டி பாலிஸ்டைரீன், அதனால் ஒட்டியது.

சரி, பசையே வேண்டாம் என்று ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே கைத்துரப்பணத்தால் துளையிட்டுக் கம்பி வளையத்தில் காதுக் கொக்கியை மாட்டினேன். மூடி பக்கவாட்டில் திரும்பி நின்றது. நடுவே இன்னொரு வளையம் கோத்ததும் முகம் நேராகிவிட்டது. வளையத்தை அகட்டித் திறக்காமல், முன்பின்னாக முறுக்கித் திறந்தால் வட்டம் கெடாது.