பனி மூடிய மலைச்சரிவில் ஏறுமுன் சாய்வை அளந்து பாருங்கள்

புதுப் பனி விழுந்த மலைச்சரிவில் கால் வைக்குமுன், அதே சாய்வுள்ள பக்கத்துச் சிறு மேட்டில் கைத்தடியை மேலிருந்து கீழாகக் கிடத்தி, அதன்மேல் போனை வைத்து மட்டம் பார்க்கும் செயலியைத் திறவுங்கள். 30 பாகைக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கம் வேண்டாம்.

பலகைபோலப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில்தான் தொடங்குகின்றன. வயலும் வாவியுமாக மட்டநிலத்தில் பழகிய நம் மட்டக்களப்புக் கண்ணுக்கு 25உம் 35உம் ஒன்றுதான். (சுவிஸில் சொந்தக்காரரிடம் போய் மலையேற ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.) போனை வெறும் பனியில் வைத்தால் சின்ன மேடுபள்ளம் அளவைக் கெடுத்துவிடும், அதற்காகத்தான் தடி.

தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருந்தால் இந்த அளவு உதவாது. நீங்கள் நிற்பது 20 பாகையானாலும் மேலிருந்து கழன்ற பனி அங்கே வந்து மூடும். மாலை 5 மணிக்கு வரும் சுவிஸ் பனிச்சரிவு அறிக்கை, ஆபத்து 5இல் 3ஆம் நிலை என்றால் புதியவர்கள் அளக்கவே தேவையில்லை, திறந்துவிட்ட பாதையிலேயே நில்லுங்கள்.

அளந்து முடிந்ததும் போனை அணைத்து, மார்பில் கட்டிய தேடற்கருவியிலிருந்து (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கச் சமிக்ஞை அனுப்பும் கருவி) குறைந்தது 20 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். கிட்ட இருந்தால் சமிக்ஞை குழம்பும்.