நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இளநீரில் கவனமாக இருங்கள்

இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவர்களுக்கும், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் டாக்டர்கள் எழுதும் மாத்திரை ஸ்பைரோனோலாக்டோன். அல்டாக்டோன் என்றும் கடையில் கிடைக்கும். நம் பக்கம் பலருக்கு இது வெறும் 'நீர் மாத்திரை'. தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உப்பைப் பிடித்து வைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது அதன் வேலை. இந்த மாத்திரை அந்த ஹார்மோன் ஒட்டும் இடத்தில் தான் போய் ஒட்டிக்கொள்கிறது. உப்பும் நீரும் இறங்கும், பொட்டாசியம் தங்கிவிடும். கட்டமைப்பில் இதுவும் ஸ்டீராய்டுதான். ஆனால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும் என்று பயந்து நிறுத்தாதீர்கள். அது பிரெட்னிசோலோன் போன்ற வேறு வகை ஸ்டீராய்டு மாத்திரைகளின் குணம். 1999இல் வெளியான ரேல்ஸ் என்ற மருத்துவ ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் இறப்பு ஆபத்தை இது 30 சதவீதம் குறைத்தது.

பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும், சில நேரம் முன்னறிவிப்பே இல்லாமல். மண்டபம், பாம்பன் வெயிலில் தினமும் இளநீர் குடிப்பது நல்லது என்றே வளர்ந்தவர்கள் நாம். ஒரு டம்ளர் இளநீரில் ஏறக்குறைய 400 முதல் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. கருவாட்டை விட்டாச்சு, உப்பையும் மாற்றுவோம் என்று 'லோ சோடியம்' உப்பு வாங்குவது அதைவிட மோசம். அதில் பாதிக்குப் பாதி பொட்டாசியம் குளோரைடாகவே இருக்கலாம். சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள்.

வலை இழுத்த தோள்வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதும் ஆபத்து. அது சிறுநீரகத்தைப் பாதித்துப் பொட்டாசியத்தை ஏற்றும். ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும்; அவற்றைக் கூடவே சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த அன்று மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரத்திலும், பிறகு டாக்டர் சொல்லும்போதும் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) ரத்தப் பரிசோதனை அவசியம். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும்.

அப்புறம், ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் சொன்னால் எப்லெரினோன் என்ற இதே வகை மாத்திரைக்கு மாற்றித் தருவார். அதில் இந்தத் தொல்லை குறைவு.